அப்பா தூங்கும் வீட்டில் ஒரு பாட்டு

கண்ணு,

நாங்கள் இருவரும் சுகம் என்று எழுதித்தான் ஆரம்பிக்க வேண்டும். எழுதிவிட்டேன். உண்மையில் எனக்கு அலுப்பாக இருக்கிறது. இடுப்பு, முழங்கால் என்று பிரித்துச் சொல்லத் தெரியவில்லை, மொத்தமாக அலுப்பு. அப்பாவின் சர்வீஸ் முடியப்போகிறது, குவார்ட்டர்ஸைக் காலி செய்து கொடுக்க வேண்டும். போலாரத்தில் ஒரு வீடு பார்த்திருக்கிறோம், மாடிப்படி இல்லாத வீடு. இத்தனை வருஷம் சேர்த்து வைத்ததை இறக்குவதும் கட்டுவதுமாகப் பொழுது போகிறது. நடுவில் உன் கடிதம் வந்தது. அப்பாவின் மூக்குக்கண்ணாடியை எந்த மூட்டைக்குள் வைத்துக் கட்டினேனோ தெரியவில்லை, அதனால் நானே படித்துக் காட்டும்படி ஆகிவிட்டது. அவருடைய காது இப்போது இருக்கிற இருப்பில் அவருக்கு ஒன்றைப் படித்துக் காட்டுவது என்றால் தெருவுக்கே படித்துக் காட்டுவதுதான். பக்கத்து வீட்டு சாவித்திரம்மா வேலி ஓரம் வந்து நின்று, "மீ அப்பாயி ஒக்கடே ஒஸ்தாடா?" என்று கேட்டாள். நீ தனியாக வருவதில் அவளுக்கும் வருத்தம்தான்.

மீனு கையில் கிடைத்ததையெல்லாம் தட்டுகிறாள், தொண்டை கிழியப் பாடுகிறாள், அப்பாவுக்குச் சத்தம் ஆகாது, ஆகவே அவளையும் அவள் அம்மாவையும் பரோடாவிலேயே விட்டுவிட்டு நான் மட்டும் வந்து சாமான் கட்டிக்கொடுத்துவிட்டுப் போகிறேன் என்று எழுதியிருக்கிறாய். கூடவே இன்னொன்றும் கேட்டிருக்கிறாய். நைட் ஷிஃப்ட் முடிந்து வந்து பகலில் படுத்தால் குழந்தையை அடக்க முடியவில்லை, அந்தக் காலத்தில் நீ எங்களை எப்படி அடக்கி வைத்தாய், அந்த டப்பா வாத்தியங்களையெல்லாம் எப்படிச் செய்தாய், எழுது என்று. எழுதுகிறேன். ஆனால் செய்முறையை மட்டும் படித்துவிட்டு மடித்து வைத்துவிடாதே. நீ எப்போதும் பாதி கேட்டுவிட்டு ஓடுகிறவன்.

அப்பா ஃபோர்ஜ் ஷாப்பில் ஹாமர் அடியில் நின்றவர். காய்ச்சிய இரும்பின் மேல் அந்தச் சுத்தியல் இறங்கினால் காலடியில் தரை எழும்பி அடங்கும் என்பார். ராத்திரி முறை என்றால் விடிந்து வந்து குளித்துவிட்டு, இருக்கிறதைச் சாப்பிட்டுவிட்டுப் படுத்துவிடுவார். நம் வரிசையில் பாதி வீடு அப்படித்தான். எந்த வீட்டில் ஆள் தூங்குகிறதோ அந்த வீட்டுக் கேட்டில் ஒரு சிவப்புத் துணியை முடிந்து வைப்போம். யார் ஆரம்பித்து வைத்த வழக்கம் என்று தெரியாது. தபால்காரர் அதைப் பார்த்தால் மணி அடிக்க மாட்டார், காய்கறி வண்டிக்காரர் வாயை மூடிக்கொண்டு தள்ளிப்போவார். நீ அனா ஆவன்னாவுக்கு முன்னால் அந்தச் சிவப்பைத்தான் படித்தாய். வாசலை விட்டு இறங்கும்போதே வரிசையை ஒரு பார்வை பார்த்துவிட்டு, குரலை எவ்வளவு வைத்துக்கொள்ளலாம் என்று முடிவு செய்துகொள்வாய். பாவம், அந்த வயதில் பிள்ளைகளுக்குத் தெரிய வேண்டிய விஷயமா அது.

சும்மா இரு என்று சொன்னால் குழந்தை சும்மா இருக்காது. கையில் ஒரு வேலை இருந்தால்தான் வாய் அடங்கும். அதனால்தான் செய்ய ஆரம்பித்தேன், சங்கீத ஞானம் எனக்கு எங்கே இருந்தது? தீப்பெட்டியின் உள் டப்பாவில் ரப்பர் பேண்டுகளை இழுத்து மாட்டி, குறுக்கே ஒரு துண்டுப் பென்சிலைச் செருகு. மெல்லிய ரப்பர் கீச்சென்றும் பட்டை ரப்பர் சற்றுக் கனத்தும் பேசும். காலிப் பவுடர் டப்பாவில் எதைப் போட்டுக் குலுக்குவது என்பதில் எனக்குப் பெரிய ஆராய்ச்சியே நடந்தது. புளியங்கொட்டை போட்டால் வீடு இரண்டாகும். கடுகு போட்டால் கையில் இருப்பதே தெரியாது. ஜவ்வரிசிதான் சரி. பல் விழாத சீப்பின் மேல் பிஸ்கட் பாக்கெட்டின் மெழுகுத் தாளைச் சுற்றி உதட்டில் வைத்து ஊதினால் நாகசுரத்தின் பேரப்பிள்ளை மாதிரி ஒரு சத்தம் வரும். கொல்லையில் பப்பாளி மரம் இருந்தும் பப்பாளித் தண்டை மட்டும் ஒடிக்க விட்டதில்லை. அதை ஊதினால் எருமை கத்துவது போல இருக்கும்.

ஒவ்வொன்றையும் செய்து முடித்ததும் பரீட்சை வைப்பேன், ஞாபகம் இருக்கிறதா? உன்னைச் சமையலறையில் உட்கார வைத்து வாசிக்கச் சொல்லிவிட்டு, நான் படுக்கையறை வாசலில் நின்று அப்பாவின் முகத்தைப் பார்ப்பேன். அவர் புரளாமல் இருந்தால் வாத்தியம் பாஸ். எல்லாமே பாஸ் ஆயிற்று. ஒன்றுகூட அவரை எழுப்பவில்லை. என் கைவேலை அவ்வளவு பதமாக இருக்கிறது என்று எனக்கு ஒரே பெருமை. சாவித்திரம்மாவைக் கூப்பிட்டுக் காட்டியிருக்கிறேன், பார், எப்படித் தூங்குகிறார் பார் என்று.

நம் வீட்டுப் பின்பக்கம் பகலெல்லாம் பிள்ளைகளாக இருக்கும். சாவித்திரம்மாவின் பத்மா, பின் வரிசை ரஹீமா, இன்னும் யார் யாரோ. நான் தமிழில் சொன்னால் உனக்கு ஒருவனுக்குத்தான் புரியும், நீயும் பதிலைத் தெலுங்கில் சொல்வாய். சோறு வேண்டாம் என்பதற்கு ரஹீமாவைப் போல 'நக்கோ' என்பாய். மதுரைப் பக்கத்திலிருந்து வந்த எனக்கு என் பிள்ளை பேச்சே பாதி புரியாது. யாராவது குரலை உயர்த்தினால் ரஹீமா உதட்டில் விரலை வைத்து, "ஹல்லூ, ஹல்லூ" என்பாள். மெதுவாக என்பதற்கு இந்த ஊர்ச் சொல். நாளடைவில் நானும் அதையே சொல்லிக் கண்டிக்க ஆரம்பித்தேன். உங்களுக்கென்று ஒரு பாட்டும் கட்டினேன். அப்பா வேலை விட்டு வரும் பாட்டு.

சைக்கிள் வருது சைக்கிள் வருது சந்து முனையிலே,
டிபன் டப்பா ஆடுது பார் ஹேண்டில் நுனியிலே.

நீ இதைப் பாட, பத்மா "வச்சேசாரு, வச்சேசாரு" என்பாள், ரஹீமா "ஆகயே, ஆகயே" என்பாள். வந்துவிட்டார், வந்துவிட்டார். அத்தனையும் ஹல்லூ, பக்கத்தில் இருக்கிறவருக்கு மட்டும் கேட்கிற குரலில். இந்த இரண்டு வரிக்கு அடுத்த அடியை நீயே கட்டினாய். பள்ளிக்கூடத்தில் இன்னும் போடாத பையன் அடி கட்டுகிறான் என்று எனக்குத் தலைகால் புரியவில்லை.

அப்புறம்தான் அந்தத் தகர மத்தளம். வனஸ்பதி டின் ஒன்று காலியாக, நீ அதை விடமாட்டேன் என்று நின்றாய். இரண்டு பக்கமும் பழைய சைக்கிள் டியூபை வெட்டி இழுத்துச் சணலால் கோத்துக் கட்டினோம். என் விரலெல்லாம் கன்றிப்போயிற்று. பரீட்சை வைத்த பிறகுதான் அடிக்க வேண்டும் என்று சொல்லிவிட்டு நான் உள்ளே போனேன். உனக்கு எங்கே பொறுமை! உள்ளங்கையால் ஓங்கி ஒரு அடி. தும் என்று அது வயிற்றுக்குள் இறங்கியது. அப்பா கட்டிலில் எழுந்து உட்கார்ந்துவிட்டார். நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே எழுந்து பின்வாசலுக்கு வந்து நின்றார். பனியனும் கைலியுமாக, தலையெல்லாம் கலைந்து, அந்த டின்னையே பார்த்தார். பத்மா வேலியைத் தாண்டி ஓடிவிட்டாள். நான் பாய்ந்து உன் முதுகில் ஒன்று வைத்து, டின்னைப் பிடுங்கிப் பரணில் ஏற்றினேன்.

"விடு, விடு, எதுக்குப் புள்ளைய அடிக்கிறே?" என்றார். அவ்வளவுதான், திரும்பிப் போய்ப் படுத்துவிட்டார். இரண்டு நாள் கழித்து, "அந்த டின்னு எங்கே?" என்று கேட்டார். இன்னும் கோபம் ஆறவில்லை போலிருக்கிறது என்று பயந்து, "அதைத் தூக்கிப் போட்டாச்சுங்க, இனி சத்தமே வராது" என்றேன். "ம்" என்றார்.

அன்றைக்கு மூடின வாய்தான் உன் வாய். பாட்டு நின்றுபோயிற்று. தீப்பெட்டியைக்கூடத் தொடவில்லை. பெரிய வகுப்புக்குப் போன பிறகு அப்பா ஏதாவது கேட்டால் தலையைக் குனிந்துகொண்டு, ஆமாம் என்பதற்கு 'ஹவ்' என்று முனகுவாய். "வாயில என்ன கொழுக்கட்டையா? பேசுறதைச் சத்தமாப் பேசுடா!" என்று அவர் கத்துவார். சாப்பாட்டுத் தட்டை அப்படியே வைத்துவிட்டு எழுந்து போய்விடுவாய். மார்க்கு ஷீட்டைக் காட்டியபோதும் இதே கதை, வேலை கிடைத்ததைச் சொன்னபோதும் இதே கதை. பரோடாவுக்கு ரயில் ஏற்றிவிட வந்தவர் உன்னிடம் ஏதோ கேட்டார், நீ ஏதோ சொன்னாய், அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். அப்பாவுக்கு என்னைப் பிடிக்காது அம்மா என்று நீ என்னிடம் சொன்னது அன்றைக்குத்தான். இல்லை என்று சொல்ல என்னிடம் ஒரு காரணமும் இல்லை. இத்தனை வருஷம் நடுவில் நின்று அவர் சொன்னதை உனக்கும் நீ சொன்னதை அவருக்கும் சொல்லிச் சொல்லியே என் உயிர் பாதி போயிற்று.

இப்போது சொல்கிறேன், கேள். போன ஞாயிற்றுக்கிழமை பரணைக் காலி செய்தோம். நான் ஸ்டூல் மேல் ஏறி எடுத்துக் கொடுக்க, அவர் கீழே எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு மூட்டை கட்டிக்கொண்டிருந்தார். மூலையிலிருந்து அந்த டின் வந்தது. ஒரு பக்கத்து ரப்பர் வெடித்துத் தொங்கியது, மறுபக்கம் எப்படியோ பிழைத்திருந்தது. தூசியைத் தட்டலாம் என்று உள்ளங்கையால் அதில் ஓர் அடி வைத்தேன். இந்த மனுஷன், குக்கர் விசிலுக்குத் திரும்பாதவர், காலையிலிருந்து நான் தொண்டை வறளக் கத்தியும் திரும்பாதவர், சட்டென்று திரும்பினார்.

"இதான். அன்னைக்கு அடிச்சானே, இதான்" என்றார். "தூக்கிப் போட்டேன்னு சொன்னியே?"

நான் ஸ்டூலை விட்டு இறங்கி அவர் முகத்துக்கு நேரே நின்று, "அன்னைக்கு இதுக்குத்தானே கோவிச்சுக்கிட்டு வந்தீங்க?" என்று கத்தினேன்.

"கோவமா? எனக்கா?" என்றார். "கேட்டுச்சுடி. அதுக்குத்தான் வந்தேன்."

பிறகு டின்னை மடியில் வைத்துக்கொண்டு அந்த மூட்டை மேலேயே உட்கார்ந்து சொன்னார். என் வாழ்க்கையில் அவர் ஒரே மூச்சில் அவ்வளவு பேசி நான் கேட்டதில்லை. நீ தவழ்கிற காலத்திலேயே காது போக ஆரம்பித்துவிட்டதாம். மெல்லிய சத்தம்தான் முதலில் போகுமாம். குருவி போயிற்று, என் வளையல் போயிற்று, கொலுசு கட்டிக்கொண்டு நீ நடந்தது போயிற்று. கனத்த சத்தம் மட்டும் கொஞ்சம் தங்கியிருந்ததாம். ஹாமரில் நிற்கிற எல்லோருக்கும் இதுதானாம், ஆளுக்காள் கைச்சாடையிலேயே பேசிக்கொள்வார்களாம். வெளியே தெரிந்தால் மெடிக்கலில் அன்ஃபிட் என்று தள்ளி, ஹாமரிலிருந்து எடுத்து ஸ்டோரில் உட்கார வைத்துவிடுவார்களே என்று வீட்டிலும் மூச்சு விடவில்லை. "உங்கிட்டே சொன்னா, நீ சாவித்திரம்மாகிட்டே சொல்லுவே" என்கிறார். அதுவும் நிஜம்தான். மனிதர்களின் வாயைப் பார்த்தே காலத்தை ஓட்டியிருக்கிறார். நீ தலையைக் குனிந்துகொண்டால் அவருக்கு ஒன்றுமே இல்லை, கண்ணு. கேட்டதற்குப் பதில்கூடச் சொல்லாத பிள்ளை என்று அவர் மனசு வெந்திருக்கிறது.

என் பரீட்சையை நினைத்துப் பார். அந்த மனுஷனுக்கு எதுவெல்லாம் கேட்காதோ அதையெல்லாம் தேடித் தேடிச் செய்து பாஸ் போட்டிருக்கிறேன். அவருக்குக் கேட்ட ஒன்றை மட்டும் பிடுங்கிப் பரணில் போட்டிருக்கிறேன். யார் மேல் குற்றம் என்று உட்கார்ந்து பிரித்துப் பார்க்க எனக்குத் தெம்பில்லை. அவர் வாயைத் திறந்திருக்கலாம், நான் ஒருமுறையாவது அவரைக் கேட்டிருக்கலாம், நீ ஒருமுறையாவது நிமிர்ந்து பேசியிருக்கலாம். மூன்று பேருமாகச் சேர்ந்து அவர் தூக்கத்தைக் காப்பாற்றினோம். எனக்கு அழுகைகூட வரவில்லை. போய் அரிசி களைந்து உலையில் போட்டேன்.

அவர்தான் விடவில்லை. ஜன்னல் வழியாக உங்களைப் பார்த்துக்கொண்டே படுத்திருப்பாராம், தூங்குகிற மாதிரி கண்ணைப் பாதி மூடிக்கொண்டு. எல்லா வாயும் ஒன்றாக அசையும், கை ஒன்றாக ஆடும், ஏதோ பாடுகிறார்கள் என்று தெரியும், என்ன என்று தெரியாது. யாரிடமும் கேட்கவும் முடியாது. "என்னதான்டி பாடினீங்க?" என்று இப்போது கேட்கிறார். உங்களைப் பற்றித்தான் பாட்டு, உங்கள் சைக்கிளைப் பற்றி என்றேன். அந்த முகத்தை நீ பார்த்திருக்க வேண்டும். பாடிக் காட்டு என்றார். பாட்டைக் கத்திச் சொன்னால் அது பாட்டாகவா இருக்கிறது? திட்டுவது போல இருக்கிறது. "சைக்கிள் வருது" என்று நான் போட்ட கூச்சலில் நிஜமாகவே ஒரு பையன் சைக்கிளை விட்டு இறங்கி எட்டிப் பார்த்தான். அப்பா சிரித்தார். நானும் சிரித்தேன். டிபன் டப்பாவுக்குப் பிறகு எனக்கு அடுத்த அடி வரவில்லை. நீ கட்டினாயே, அந்த அடி. எவ்வளவோ யோசித்துப் பார்த்துவிட்டேன். சாவித்திரம்மாவுக்கும் நினைவில்லை, பத்மா கல்யாணமாகி எங்கோ இருக்கிறாள்.

மறுநாளே சைக்கிள் கடையில் போய்ப் பழைய டியூப் கேட்டு வாங்கி வந்துவிட்டார். ரிடையர் ஆகப்போகிற மனுஷன் கட்டவேண்டிய சாமானை விட்டுவிட்டுப் பின்வாசலில் உட்கார்ந்து ரப்பரை வெட்டி இழுத்துக் கட்டிக்கொண்டிருக்கிறார். அந்தக் கைக்கு அது ஒரு வேலையா, நான் கட்டியதைவிட இறுக்கமாக வந்திருக்கிறது. அவ்வப்போது ஒரு தட்டுத் தட்டிவிட்டு, காதை அதன் பக்கத்தில் வைத்துக்கொள்கிறார். இந்த மிச்சமும் எத்தனை நாளைக்கு என்று தெரியாது. போன வருஷம் ஹாமர் சத்தம் இன்னும் நன்றாகக் கேட்டதாம், இப்போது அதுவே எங்கோ தூரத்தில் கேட்கிறதாம். அவர் சாதாரணமாகத்தான் சொல்கிறார்.

ஆகவே நீ கேட்ட செய்முறையை மேலே எழுதியிருக்கிறேன், ஆசைக்குச் செய்து கொடு. ஆனால் அடக்குவதற்காகச் செய்யாதே. உன் ஷிஃப்ட்டும் உன் தூக்கமும் உன் பாடு. காதில் பஞ்சை வைத்துக்கொள், போர்வையை இழுத்து மூடிக்கொள், மத்தியானம் மறுபடி படு. மீனு தட்டட்டும். அவள் உரக்கப் பாடுகிறாள் என்றால் இந்த வீட்டில் யாராவது ஒருவர் உரக்கப் பாடவேண்டியது பாக்கி இருந்தது என்று வைத்துக்கொள். பிளான்ட்டில் காதுக்கு மாட்டிக்கொள்ளக் கொடுப்பதைக் கழுத்தில் தொங்கவிட்டுக்கொண்டு திரியாமல் காதில் மாட்டு. இதை நான் அறிவுரையாகச் சொல்லவில்லை, கெஞ்சிக் கேட்கிறேன். உன் மனைவியும் ஒருநாள் என்னைப் போலத் தெருவுக்கே கடிதம் படித்துக் காட்ட வேண்டாம்.

மீனுவைக் கூட்டிக்கொண்டு வா. அவள் அம்மாவையும். சாமான் கட்ட நீ வேண்டாம், கட்டுவதற்கு ஆள் கிடைக்கும். கேட்டில் இருந்த சிவப்புத் துணியை அவிழ்த்துக் கரித்துணியாக்கிவிட்டேன். மீனு அந்த டின்னைத் தட்டட்டும், நீ அவர் எதிரில் உட்கார்ந்து, முகத்தை நிமிர்த்திப் பாடு. நீ கட்டிய அந்த அடி நினைவிருந்தால் பதிலில் எழுதி அனுப்பிவிடாதே. நேரில் வந்து பாடு. ஹல்லூ நக்கோ.

உன் அம்மா